உப்பு எங்கே போயிற்று

மார்ச் 14, செவ்வாய்

பேத்தி மெர்லினின் வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 54 மில்லிமோல். ஆதாரம்: மதுரை மருத்துவமனையின் ஆய்வக அறிக்கை, இன்று காலை 11.40க்குக் கையொப்பமானது. இடது கை மட்டும். வலது கையில் போதிய வியர்வை சேரவில்லை.

முப்பதுக்குக் கீழே என்றால் டாக்டர் சந்தேகிக்கும் பரம்பரை நோய் இல்லை. அறுபதைத் தொட்டால் நோய். நடுவில் நிற்பதைப் பற்றி டாக்டர் கோமதி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது சார்."

பதினோரு மாதக் குழந்தை. எடை ஆறு கிலோ நூறு கிராம். ஐந்து மாதமாக இருமல். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. முன்கையில் மருந்து தடவிய பட்டையைக் கட்டி, மெல்லிய மின்சாரம் செலுத்தி வியர்க்க வைத்தார்கள். பிறகு அரை மணி நேரம் வியர்வையைச் சேர்த்தார்கள். குழந்தை அழவில்லை. என் மகள் பியூலாதான் அழுதாள்.

என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால் படிவத்தை நான் நிரப்பினேன். பெற்றோர் உறவினரா: ஆம், அத்தை மகனும் மாமன் மகளும். குடும்பத்தில் குழந்தைப் பருவ இறப்பு: இல்லை.

டாக்டர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பிள்ளைய முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குமா?"

பியூலா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "தூத்துக்குடிக் காத்து டாக்டர். எங்க ஊர்ல எல்லாருமே உப்புக் கரிப்போம்."

டாக்டர் சிரித்தார். "சொந்தத்துல கட்டியிருக்கீங்க, அதனால விட்டுட முடியாது. ஆனா ரெண்டு பக்கமும் இப்படிப் பிள்ளை போனதா இல்ல. நெஞ்சும் இப்போ தெளிவா இருக்கு. ஆறு வாரம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்போம்." தேதி குறித்துக் கொடுத்தார்: ஏப்ரல் 25.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. முழங்கால் வலி.

மார்ச் 15, புதன்

சமையல் எரிவாயு வந்தது. மருமகன் ரூபனுக்குத் துறைமுகத்தில் காலை ஷிப்டு. பியூலா வேலைக்கு விடுப்பு நீட்டித்தாள். மெர்லின் கஞ்சியை முழுக்கச் சாப்பிட்டாள். எடை அதேதான்.

மார்ச் 17, வெள்ளி

எனக்குப் புரியாத ஒன்றை முப்பத்தாறு வருடத்தில் நான் செய்தியாக எழுதியதில்லை. என் பெயரில் வந்த செய்திக்கு ஒரு திருத்தம்கூட வெளியானதில்லை. அதனால் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்புறம் வரைந்து காட்டிய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நுரையீரலின் குழாய்கள், குடல், வியர்வைச் சுரப்பி எல்லாவற்றின் உள்சுவரும் செல்களால் ஆனது. செங்கல் அடுக்கியதுபோல நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு. உப்பு தண்ணீரில் கரைந்தால் இரண்டாகப் பிரியும்: சோடியத்துக்கு நேர் மின்னூட்டம், குளோரைடுக்கு எதிர் மின்னூட்டம். மின்னூட்டம் உள்ள எதையும் கொழுப்பு தன் வழியாக விடாது. ஆகவே சவ்வில் ஒரு புரதம் மடைபோல உட்கார்ந்திருக்கிறது. செல் உத்தரவு கொடுத்தால் திறக்கும். குளோரைடு கடக்கும். பிறகு மூடும்.

உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி மடை வைத்திருப்பதை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். அதை வைத்து விளங்கிக்கொண்டேன். நுரையீரலில் இந்த மடை குளோரைடை வெளியே விடுகிறது. அதன் பின்னால் சோடியமும் தண்ணீரும் போகின்றன. சளி இளகி இருப்பது அதனால்தான். வியர்வைக் குழாயில் திசை நேர்மாறு. சுரந்த வியர்வை தோலுக்கு வரும் வழியில் உடம்பு இதே மடை வழியாகக் குளோரைடைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மடை கெட்டால் இரண்டும் கெடும். நெஞ்சில் சளி பசையாகும். உப்பு வியர்வையோடு வெளியே போய்விடும்.

அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் பிழை இருந்தால் ஒன்றும் தெரியாது, மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டிலும் பிழை இருந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒரே குடும்பத்துக்குள் கட்டிக்கொண்டால் ஒரே பிழை இரண்டு பக்கமிருந்தும் வர வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் டாக்டர் சொன்னது. என்னுடையது மடை மட்டும்.

மார்ச் 18, சனி

வெயில் 37 டிகிரி. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 20, திங்கள்

காலை இட்லிக்கு உட்கார்ந்தபோது பியூலா ரூபனிடம் சொன்னாள். "அத்தான், இவ நெத்தியில ஒரு முத்தம் குடுத்துப் பாருங்க."

"ஏட்டி, இதுக்கெல்லாம் நேரம் பாத்துதான் குடுக்கணுமா?" என்று கொடுத்தான். உதட்டைச் சப்பினான். "சாம்பாருக்கு உப்புப் பத்தல. இவளத் தொட்டுக்கிடலாம் போல."

"வெளையாடாதீங்க. டாக்டர் கேட்டாவல்ல."

"மாமாதான் அன்னைக்கே சொல்லிட்டாவல்ல, நம்ம ஊரு காத்துன்னு. நாலு மைல்ல உப்பளம். என்னையும் நக்கிப் பாரு, கரிக்கும்."

"ஒங்களையும் பாத்தாச்சி. ஒங்களுக்கு இந்தக் கரிப்பு இல்ல."

அவன் சிரித்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாவு அரைக்கும் இயந்திரத்தின் பட்டை தேய்ந்திருப்பதைச் சொல்லி, அதை மாற்றிவர எழுந்தேன்.

பிற்பகலில் பியூலா குளிக்கப் போனபோது குழந்தை என் மடியில் இருந்தது. நெற்றியில் உதட்டை வைத்துப் பார்த்தேன். உறுதி செய்யப்பட்டது.

கடையில் பட்டை இல்லை. நாளை வரச் சொன்னார்கள்.

மார்ச் 22, புதன்

அன்னபாய் அக்கா நாசரேத்திலிருந்து வந்தாள். எனக்கு நேர் மூத்தவள், ரூபனின் தாய். பை நிறைய முருங்கைக்காய். பியூலா குழந்தையைத் தூங்க வைக்க உள்ளே போனதும் அக்கா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஞானதுரை, அந்த டாக்டரம்மாட்ட எல்லாத்தையும் சொன்னியா?"

"சொல்ல வேண்டியதச் சொன்னேன்."

"சொல்ல வேண்டியது எதுன்னு நீதான முடிவு பண்ணுவ. பேப்பர்ல எழுதுனவன்லா."

அவள் முருங்கைக்காயை ஒடித்துக்கொண்டே பேசினாள்.

"இந்தப் பிள்ளையளுக்குக் கல்யாணம் பேசுனப்போ சொர்ணம் ஒத்தக் கால்ல நின்னா, சொந்தத்துல வேண்டாம்னு. நான்கூட அவமேல கோவப்பட்டேன், எம்மவனுக்கு என்ன கொறன்னு. ஏன்னு ஒருநாளும் அவ சொல்லல. நீ சொல்ல விட்டாத்தான?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரு உறுதி பண்ணுனா?"

"யாரு உறுதி பண்ணணும் தம்பி? செத்தவ எந்திச்சி வந்து பண்ணுவாளா?"

சொர்ணம் என் மனைவி. என் தாய்மாமன் மகள். இறந்து மூன்று வருடமாகிறது. எங்கள் மூத்த... எங்கள் ஒரே பிள்ளை பியூலா.

அக்கா கடைசியாகச் சொன்னது: "நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?" ஞாயிறுவரை அவகாசம் கேட்டேன்.

மார்ச் 23, வியாழன்

நேரப்படி எழுதுகிறேன்.

காலை 10.15: மின்தடை. பராமரிப்புப் பணி, மாலை நான்குவரை என்று முன்பே அறிவித்திருந்தார்கள். நான் மறந்துவிட்டேன்.

12.30: குழந்தை கஞ்சியை மறுத்தது. உடல் முழுக்க வியர்வை. நெற்றியில் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி.

1.10: கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கழுத்து நிற்கவில்லை. அக்கா தூக்கிக்கொண்டு ஓடினாள்.

1.35: பக்கத்து மருத்துவமனை. பணியில் இருந்த இளம் டாக்டர் ரத்தம் எடுத்தார். சோடியம் 121. குளோரைடு 76. இரண்டும் மிகக் குறைவு. அவர் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"வயித்தால போச்சா?"

"இல்ல டாக்டர்."

"வாந்தி?"

"இல்ல."

"அப்போ பிள்ளையோட உப்பு எங்கம்மா போச்சு?"

பியூலா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் தெரியும். அவர் என்னிடம் கேட்கவில்லை.

4.20: நரம்பில் சலைன் ஏறும் மூன்றாவது மணி நேரம். மெர்லின் கண்ணைத் திறந்து ஊசி போட்ட கையை ஆட்டிப் பார்த்தாள். "சரியான நேரத்துல கொண்டு வந்தீங்க," என்றார் டாக்டர்.

1989 மே மாதத்தில் நாங்கள் சரியான நேரத்தில் கொண்டு போகவில்லை.

மார்ச் 24, வெள்ளி

காலை 9.05க்கு மதுரைக்குப் பேசினேன். டாக்டர் கோமதி வார்டில் இருந்தார். காத்திருந்தேன். 9.40க்கு வந்தார். நேற்று நடந்ததையும் அளவுகளையும் சொன்னேன். பிறகு, "டாக்டர், நான் எழுதிக் குடுத்த படிவத்துல ஒரு திருத்தம்," என்றேன்.

சொன்னது இது. எங்களுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை. 1988 அக்டோபரில் பிறந்தது. இருமல், எடை ஏறவில்லை. மூன்றாவது மாதம் சொர்ணம் இங்கே ஒரு டாக்டரிடம், "பிள்ளைய முத்துனா உப்புக் கரிக்கி டாக்டர்," என்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். உப்பளத்துக் காற்று, எங்கள் ஊரில் எல்லோரும் கரிப்போம் என்று நான்தான் சொன்னேன். அந்த டாக்டர் சிரித்தார். அவளும் அதற்குப்பின் யாரிடமும் சொல்லவில்லை. மே மாத வெயிலில் ஒரு நாள் பகல் பிள்ளை துவண்டது. நான் உப்பளத் தொழிலாளர் வெயிலில் மயங்குவதைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வீடு வந்தபோது முடிந்திருந்தது. ஏழு மாதம்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஆறு வாரம்னு தள்ளியிருக்க மாட்டேன் சார்," என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கே உப்புக் குடுக்க ஆரம்பிங்க. அளவு அனுப்புறேன். வெயில்ல கொண்டு போகாதீங்க. செவ்வாய்க்கிழமை அழைச்சிட்டு வாங்க."

பிறகு பியூலாவிடம் சொன்னேன். வார்டுக்கு வெளியே, குடிநீர்க் குழாய் பக்கம் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். நடுவில் குழாயை மூடினாள்.

"அம்மா ஒரு தடவகூட எங்கிட்ட சொல்லலியே."

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

"எதுக்குப்பா?"

ஒருவர் மட்டும் சொன்னால் அது செய்தியல்ல என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சொர்ணம் ஒருவர்தான். அவள் சொன்னதை நான் வெளியிடவில்லை. இப்படி ஏதோ சொல்லப் பார்த்தேன்.

"அவ பெத்தவப்பா," என்றாள் பியூலா. "அவளுக்கு இன்னொரு ஆளு சாச்சி வேணுமா?"

புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 25, சனி

குழந்தை வீட்டுக்கு வந்தது. பியூலா என்னோடு பேசவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அக்கா போய்வந்தாள். ரூபன் அறையிலிருந்து தலையை நீட்டி, "மாமா, சோறு வச்சிருக்கு," என்றான். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை. சாப்பிட்டேன்.

மாவு இயந்திரத்துக்குப் பட்டை மாற்றினேன்.

மார்ச் 28, செவ்வாய். மதுரை

வியர்வை குளோரைடு: இடது கை 79, வலது கை 82. ஆதாரம்: ஆய்வக அறிக்கை, பிற்பகல் 1.15. இம்முறை அறையின் குளிரூட்டியை அணைத்துவிட்டு எடுத்தார்கள்; இரண்டு கையிலும் போதிய வியர்வை சேர்ந்தது.

"ஆமா," என்றார் டாக்டர் கோமதி. அதற்குமேல் அந்த எண்ணைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

செய்ய வேண்டியதைச் சொன்னார். சாப்பாட்டுக்கு முன் செரிமானத்துக்கான மருந்து. தினம் இரண்டு வேளை முதுகிலும் நெஞ்சிலும் தட்டிச் சளியைக் கலைக்க வேண்டும். தினமும் கூடுதல் உப்பு. மடையிலேயே வேலை செய்யும் மருந்து உண்டு. எல்லாருக்கும் கேட்காது, பிழை என்ன வகை என்பதைப் பொறுத்தது. சில வகையில் மடை உருவாகும், திறக்காது. சில வகையில் மடை சவ்வுக்கு வந்தே சேராது. சில வகையில் மடையே உருவாகாது. அதற்கு இப்போது மருந்து இல்லை. மரபணுப் பரிசோதனைக்கு மூன்று பேரின் ரத்தமும் எடுத்தார்கள்: மெர்லின், பியூலா, ரூபன்.

"எனக்கும் எடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"தேவையில்ல சார். உங்ககிட்ட இருக்குன்னு நமக்குத் தெரியும்."

ரூபன் என் தோளில் கையை வைத்தான். எடுத்துவிட்டான்.

ஏப்ரல் 2, ஞாயிறு

தட்டுவதற்குக் கையைக் குவித்து வைக்க வேண்டும், உள்ளங்கையில் காற்று அடைபடும்படி. தட்டையாக அடித்தால் வலிக்கும். காலை முறை என்னுடையது. குழந்தையை முழங்கால்மேல் குப்புறப் போட்டுப் பத்து நிமிடம். அவள் அதை விளையாட்டு என்று நினைத்து, தட்டும்போதெல்லாம் "ஆ" என்று குரல் கொடுத்து, அது அதிர்வதைக் கேட்டுச் சிரிக்கிறாள். பத்தாவது நிமிடத்தில் என் மணிக்கட்டு மரத்துப்போகிறது. நாளையும் உண்டு. நாளை மறுநாளும் உண்டு.

பால் கடைக்காரர் விசாரித்தார். "அண்ணாச்சி, பேத்திக்கு உப்பு வாங்கவா இந்த ஊர்ல மருந்துக் கடைக்குப் போறிய?" சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 7, புனித வெள்ளி

பியூலா ஆலயத்திலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாளாம். ரூபன் சொன்னான். சொர்ணத்தின் கல்லறைக்கு அடுத்து ஒரு சிறிய கல்லறைக் கல் இருப்பதை இவ்வளவு நாளும் வேறு யாருடையதோ என்று நினைத்திருந்தாளாம். அதில் பெயர் இல்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

எடை ஆறு கிலோ நானூறு. இரண்டு வாரத்தில் முந்நூறு கிராம். ஆதாரம்: வீட்டுத் தராசு. மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.

காலை தட்டி முடித்து, துண்டை மடித்துக்கொண்டிருந்தபோது பியூலா வந்து நின்றாள். கையில் மதுரை மருத்துவமனைப் படிவம், புதிது. அடுத்த முறை வரும்போது நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி டாக்டர் கொடுத்தது.

"ஒங்க கையெழுத்துதான் தெளிவா இருக்கும்," என்றாள்.

பேனாவை எடுத்தேன். பதினெட்டு நாளில் அவள் என்னிடம் குழந்தையைப் பற்றியல்லாமல் பேசியது இதுதான் முதல்முறை. குடும்பத்தில் குழந்தைப் பருவ இறப்பு என்ற இடம் வந்தது. ஒன்று, ஆண், ஏழு மாதம் என்று எழுதினேன்.

"அண்ணனுக்குப் பேரு என்ன வச்சிருந்திய?"

"ஞானஸ்நானம் குடுக்கல. ஈஸ்டருக்குக் குடுக்கலாம்னு இருந்தோம். காய்ச்சல் வந்து தள்ளிப் போச்சி."

"அது கேக்கலப்பா. வீட்டுல என்ன சொல்லிக் கூப்புட்டிய?"

முப்பத்து நான்கு வருடமாக நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "தானியேல். அம்மா தானின்னு கூப்புடுவா."

"எழுதுங்க."

படிவத்தில் பெயருக்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த கட்டம் இறந்த குழந்தையின் அறிகுறிகள். இருமல், எடை குறைவு. அதன் கீழே எழுதியதை இங்கேயும் படியெடுக்கிறேன்:

பிள்ளை உப்புக் கரிக்கிறது. சொன்னவர்: குழந்தையின் தாய் சொர்ணம்.

பியூலா அதைப் படித்தாள். "ஜனவரின்னு போடுங்க. மூணாவது மாசம்னா ஜனவரிதான," என்றாள். போட்டேன். படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு, மெர்லினுக்குக் கஞ்சி கரைக்கப் போனாள். உப்புக் கரண்டி டப்பாவில் தட்டும் சத்தம் கேட்டது.

நிலுவையில் இருப்பது: மரபணு அறிக்கை. பிழை எந்த வகை, மருந்து கேட்குமா கேட்காதா என்பது அதில் இருக்கும். ஏப்ரல் 24, திங்கட்கிழமை, மாலை நான்கு மணிக்குள் வரும் என்று டாக்டர் கோமதியின் அலுவலகம் உறுதி செய்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த முதல் படிவத்தின்படி இரண்டாவது பரிசோதனையே 25ஆம் தேதிதான். 24 வரை வெயில் 38 டிகிரிக்குக் குறையாது என்கிறது வானிலை அறிவிப்பு. உப்பு தினமும் நான்கு வேளை.